கதவுக்கு முட்டுக்கொடுத்த எஃகு

எங்கள் வீட்டில் எந்தக் கதவும் காற்றில் அடித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு கதவுக்கடியிலும் ஓர் எஃகுத் துண்டு செருகியிருக்கும். கட்டைவிரல் நீளம், சுண்டுவிரல் தடிமன், நான்கு பக்கமும் வழவழவென்று தீட்டியது, ஒரு முனை மட்டும் ஒடிந்தது. ஆடுகிற மேசைக்காலுக்கு ஒன்று. என் தையல் மெஷின் மேல், வெட்டிய துணி பறக்காமலிருக்க இரண்டு. எல்லாம் அண்ணி கொண்டுவந்தவை. மற்ற வீட்டு மருமகள்கள் பாத்திரம் பண்டம் கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் உடைந்த இரும்பைக் கொண்டுவந்தாள். இதை அவள் முகத்துக்கு நேராகவே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். நாத்தனார் என்றால் அந்த உரிமைகூட வேண்டாமா?

அண்ணிக்கு வேலையே இரும்பை ஒடிப்பதுதான். தகடு செய்கிறவர்களும் தொட்டி கட்டுகிறவர்களும் தங்கள் எஃகிலிருந்து விரல் அளவு துண்டுகளை வெட்டி அவள் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு சின்னக் கீறல் போட்டிருக்கும். ஆல்கஹாலில் உலர்பனிக் கட்டியை, அதாவது உறையவைத்த கரியமில வாயுவைப் போட்டுக் குளிரவைத்த தொட்டியில் துண்டுகளை ஊறவிடுவாள். பிறகு இடுக்கியால் ஒன்றை எடுத்து, மெஷினின் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே வைத்து, விசையைத் தட்டுவாள். ஆளுயரத்தில் தூக்கி நிறுத்தியிருக்கும் சம்மட்டி ஊஞ்சல் மாதிரி இறங்கி வந்து, துண்டை ஒடித்துக்கொண்டு, மறுபக்கம் ஏறும். ஒடிப்பதற்கு எவ்வளவு பலம் செலவானதோ அந்த அளவுக்கு அது ஏறும் உயரம் குறையும். செலவான பலத்தை ஒரு முள் எண்ணாகக் காட்டும், எண் பெரிதாக இருந்தால் இரும்பு உறுதி.

சொல்வதற்குச் சுலபம். குளிர்த்தொட்டியிலிருந்து எடுத்த துண்டை ஐந்து எண்ணுவதற்குள் ஒடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அறைச்சூடு ஏறிவிடும். கீறல் சரியாக நடுவில் உட்கார வேண்டும், நூலிழை தள்ளினாலும் போச்சு. அண்ணியின் கை இந்த இரண்டிலும் தவறியதில்லை என்று அந்தக் கூடத்தில் பேர். பேர் என்றால் சும்மா இல்லை, அவள் விடுப்பு எடுத்த நாளில் வேலை கொடுக்க வந்தவர்கள், "அவங்க வந்ததும் ஒடிச்சாப் போதும்" என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிடும். அடக்கம் என்பது அவள் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சம்பாத்தியம் குறைவுதான், ஆனால் தன் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

அந்த உலர்பனிக் கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன்தான் என் அண்ணன். சோடாவும் குளிர்பானமும் செய்கிறவர்களுக்கு வாயு விற்கும் கம்பெனியில் அவன் அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்டியை வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போகவேண்டியவன், சம்மட்டி இறங்குவதைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய் நின்றான். பிறகு பனிக்கட்டி கேட்காத நாளிலும் போனான். இந்தக் கதையை நீட்ட வேண்டாம், முடிவு என்னவென்று எங்கள் கதவுகளைப் பார்த்தாலே தெரியும்.

கல்யாணமான புதிதில் அண்ணி ஒருநாள் என்னையும் கூடத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே நான் கண்டது இன்றுவரை எனக்கு ஆச்சரியம். ஒரே தகடு. ஒரே உலையில் வார்த்து, ஒரே உருளையில் உருட்டியது. அதில் அடுத்தடுத்து வெட்டிய துண்டுகள், ஒரே தொட்டியில் ஒரே குளிரில் ஊறியவை. முதல் துண்டுக்கு முள் நூறைத் தாண்டி நின்றது. அடுத்தது எழுபது. அதற்கடுத்தது இருபதில் பொசுக்கென்று போய்விட்டது. சம்மட்டிக்கு எதிரே யாருமே இல்லாதது போல அது மறுபக்கம் ஏறியது. கடையில் ஒரே கண்டிலிருந்து எடுத்த நூல் ஓர் இடத்தில் இழுத்தால் விரலை அறுக்கும், இன்னோர் இடத்தில் ஊதினால் அறும் என்பது தையற்காரிக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நூல் பஞ்சு. இது எஃகு. எஃகு என்றால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்றல்லவா நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒடிந்த முகங்களை அண்ணி காட்டினாள். போராடி ஒடிந்த துண்டின் முகம் சாம்பல் நிறத்தில், பிய்த்தெடுத்தது போல நார் நாராக இருந்தது. பொசுக்கென்று போனதன் முகமோ சர்க்கரையைக் கொட்டியது போல மினுங்கியது. பார்க்க அதுதான் அழகு. ஆகவே அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் மினுங்குகிறவையாகவே இருந்தன.

அப்படி எடுத்துவர வழி செய்தது அந்தக் கூடத்தில் வெகுகாலமாக இருந்த ஒரு பழக்கம். சோதனைக்கு மூன்று துண்டு போதும். ஆனால் எப்போதும் நான்கு வெட்டச் சொல்லி வாங்குவார்கள். நாலாவதற்கு 'மாற்றாள்' என்று பெயர். மூன்றில் ஒன்று மிகவும் கீழே போய்விட்டால், வைத்தவர் கை தடுமாறிவிட்டது என்று அதை ஒதுக்கிவிட்டு மாற்றாளை ஒடிப்பார்கள். ஒதுக்கியது மூலையில் இருக்கும் இரும்பு வாளிக்குள் போகும். யாரும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. கை தடுமாறியது இரும்பின் குற்றமா, அதற்கு ஏன் இரும்பைத் தண்டிக்க வேண்டும் என்பதுதான் நியாயம். அண்ணிக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவள் கையும் எப்போதாவது தடுமாறுகிறதே என்று. அந்த வருத்தத்தை வாளியிலேயே போட்டுவிட்டு, மினுங்குகிறதை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவாள்.

அண்ணன் வண்டி ஓட்டுவதை விட்டுத் தொட்டி முற்றத்துக்குப் பொறுப்பாளியான சமயத்தில், அவன் கம்பெனி புதிதாகப் பெரிய தொட்டி ஒன்று கட்டியது. வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி அழுத்தத்தில் அடைத்துவைக்கும் தொட்டி. எங்கள் வீட்டை அதற்குள் போட்டு மூடலாம், அவ்வளவு பெரியது. அதற்கான தகட்டின் துண்டுகள் சோதனைக்கு வந்தது அண்ணியிடம்தான். நான்கு ஒடித்து, மூன்றைக் கணக்கில் வைத்து, தகடு தேறிவிட்டது என்று அனுப்பினாள். அன்று வீட்டுக்கு வந்து, ஒதுக்கிய துண்டின் ஒரு பாதியை அண்ணன் கையில் வைத்து, "இந்தாங்க, உங்க டேங்க். என் கையால பாஸ் பண்ணது" என்றாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது வைரம் மாதிரி மினுங்கியது. அவர்கள் அறைக் கதவுக்கு அதைத்தான் முட்டுக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அண்ணன் டேங்க்'. "அண்ணன் டேங்கை நகர்த்திட்டுக் கதவைச் சாத்து" என்று நானே எத்தனை முறை கத்தியிருப்பேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கூடத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் அம்மா வந்து சேர்ந்தாள். அண்ணியைவிட வயதில் சின்னவள். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவாள். வந்த சில நாட்களிலேயே வாளியைக் கவனித்திருக்கிறாள். ஒவ்வொரு துண்டிலும் எந்தத் தகடு, யார் ஒடித்தது என்பதற்கு ஒரு முத்திரை குத்தியிருக்கும். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அண்ணியின் முத்திரைதான். அதே நேரத்தில் அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது, அதற்குப் பிறகு காப்பி டம்ளரைத் தூக்கும்போது விரல்கள் லேசாக ஆடும். மேலாளர் அம்மா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். கொஞ்ச நாள் நீங்கள் துண்டு தீட்டும் பகுதியில் இருங்கள், சம்மட்டியைக் கண்ணாடிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரர் அங்கே ஒடிக்கிற இன்னொருவர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர், சாதுவான மனிதர்.

அன்று அண்ணி வீட்டுக்கு வந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கைப்பையை வீசினாள். எனக்கும் கோபம் பற்றிக்கொண்டது. அவளை நான் ஆயிரம் சொல்வேன், வேறு யாராவது சொன்னால் விட்டுவிடுவேனா? நேரே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அண்ணன்தான் தடுத்தான். பிறகு அண்ணி மேசையில் உட்கார்ந்து, தன் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விரல்கள் ஆடின, ஆடத்தான் செய்தன. வாழ்நாளெல்லாம் அவள் பெருமை பேசிய கை அது. அந்தக் கை போய்விட்டால் அவளிடம் வேறென்ன இருக்கிறது என்று அவளே நினைத்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அண்ணி சண்டைக்குப் போகவில்லை. என் கைதான் காரணம் என்றால் அதைச் சோதித்துக் காட்டுங்கள், இரும்பைச் சோதிக்கிற இடத்தில் என்னையும் சோதியுங்கள் என்று கேட்டிருக்கிறாள். மேலாளர் அம்மாவும் நியாயமான பெண். ஒப்புக்கொண்டாள்.

ஒரு தகட்டை எடுத்து, அதிலிருந்து ஒரு கூடை நிறையத் துண்டுகள் வெட்டி, சீட்டுக்கட்டைக் கலைப்பது போலக் கலைத்து, பாதியை அண்ணியிடமும் பாதியைக் கண்ணாடிக்காரரிடமும் கொடுத்தாள். மாற்றாள் கிடையாது, ஒதுக்கல் கிடையாது, எந்த எண் வந்தாலும் அது கணக்கில் சேரும். நாள் முழுக்க ஒடித்தார்கள். முடிந்ததும் ஒடிந்த துண்டுகளை ஒரு நீளமான மேசையில், குறைந்த எண்ணிலிருந்து கூடிய எண் வரை இரண்டு வரிசையாக அடுக்கினார்கள். அண்ணி வரிசை ஒன்று, கண்ணாடிக்காரர் வரிசை ஒன்று.

இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே இருந்தன. அண்ணி வரிசையின் அடியில் மினுங்குகிற துண்டு சில, கண்ணாடிக்காரர் வரிசையின் அடியிலும் அதே அளவு மினுங்குகிறவை. நடுவில் பாதி மினுங்கி பாதி மங்கியவை. மேலே சாம்பல் முகங்கள். ஒருத்திக்குக் கை ஆடுகிறது, ஒருவருக்குக் கண் தெரியவில்லை, ஆனால் இரும்பு இருவருக்கும் ஒரே மாதிரி விரிந்து கிடந்தது. எந்தத் துண்டு எப்படி ஒடியும் என்று ஒருவராலும் முன்கூட்டிச் சொல்லமுடியவில்லை, ஆனால் மொத்தமாகச் சேர்ந்தால் அவை ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டிருந்தன. அண்ணி இதைச் சொன்னபோது அவள் குரல் கோயிலுக்குள் பேசுவது போல அடங்கியிருந்தது. வாளியில் அவள் முத்திரை அதிகமாக இருந்ததற்குக் காரணம், ஒடித்ததிலேயே முக்கால்வாசி அவள் ஒடித்தது என்பதுதான். இது யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

மேலாளர் அம்மா அதோடு விடவில்லை. கை தடுமாறினால் என்னதான் ஆகும், பார்த்துவிடுவோம் என்று சொல்லி, துண்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே தாமதிக்கச் சொன்னாள். அண்ணி தாமதித்தாள். எண் ஏறியது. இன்னும் தாமதித்தாள். இன்னும் ஏறியது. பிறகு கீறலை நடுவிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னாள். அப்போதும் ஏறத்தான் செய்தது. அதுவும் சரிதான், குளிர் விட்ட எஃகு முறுக்கோடு நிற்கும், அடி கீறலின் மேல் விழாவிட்டால் ஒடிவது கஷ்டம். கை தவறினால் எண் கூடுமே தவிரக் குறையாது.

"அப்ப நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்று மேலாளர் அம்மா எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். பிறகு மினுங்குகிற துண்டு ஒன்றைப் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து அண்ணியைப் பார்க்கச் சொன்னாள். அந்த மினுமினுப்பு முழுக்கக் கோடுகளாக இருந்தது. விசிறி மடிப்பு போல விரிந்த கோடுகள். அவற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே புள்ளியில் போய் முடிந்தன. தூசியிலும் சின்னதாக, கெட்டியாக ஒரு துகள். கீறலின் முனைக்குப் பக்கத்தில் அது இருந்துவிட்டது, அங்கிருந்து கிளம்பி மொத்தமும் பிளந்துவிட்டது. துகள் சற்றே தள்ளியிருந்த துண்டுகள் நூறைத் தாண்டின. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை முடிந்து பறந்துகொண்டு வந்தாள் அண்ணி. நடந்ததை நின்றபடியே சொன்னாள், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், அந்தக் கை ஆடுவதைப் பற்றி இப்போது அவளுக்குக் கவலையே இல்லை. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, "சோறு வெந்துதான்னு பார்க்க ஒரு பருக்கை போதும். கல் கிடக்கான்னு பார்க்க ஒரு பருக்கை போதுமா?" என்று கேட்டாள். போதாது என்றேன். "பானை பெருசாகப் பெருசாகக் கல்லு மாட்டுறதும் ஜாஸ்தியாகும் இல்ல? இரும்பும் அப்படித்தான். பெரிய தகடா இருந்தா எங்கேயாவது ஓரிடத்துல மாட்டியே தீரும்." அண்ணன் கட்டிலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். இனிமேல் உன்னைக் கையில் பிடிக்கமுடியாது என்று அவளைக் கேலி செய்தான். நான் மெஷினில் உட்கார்ந்தபடி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாகிவிட்டிருந்தது.

இன்னொரு முறை சொல்ல ஆரம்பித்து, தங்கள் அறைக்குள் போக அடியெடுத்து வைத்தவள் கால் கதவடியில் இருந்த 'அண்ணன் டேங்க்' துண்டில் இடறியது. குனிந்து எடுத்தாள். திரும்பச் செருகப் போனவள் செருகவில்லை. அதன் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அண்ணி ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். மேசைக்காலைப் பார்த்தாள். என் மெஷின் மேல் இருந்ததைப் பார்த்தாள். எல்லாம் மினுங்கின. எனக்கு அப்போதும் விளங்கவில்லை, என் மூளை எப்போதும் ஒரு தையல் பின்னால்தான் வரும். அண்ணி தரையில் உட்கார்ந்தாள்.

"என் கை தடுமாறல," என்றாள்.

"அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்றே," என்றான் அண்ணன்.

"அப்ப இது நிஜங்க. இது உங்க டேங்க். இது சரியாத்தான் சொல்லிச்சு, நான்தான் கேட்காம ஒதுக்கிட்டேன்."

வீட்டையே உள்ளே போட்டு மூடக்கூடிய தொட்டி. விரல் அளவு நான்கு துண்டில் ஒன்று அப்படி ஒடிந்தது என்றால், அந்தப் பிரமாண்டத்துக்குள் அப்படிப்பட்ட இடம் எத்தனை இருக்கும்? அதன் நிழலில்தான் என் அண்ணன் தினமும் டீ குடிக்கிறான். எந்தக் கண்டுபிடிப்பு அண்ணியின் கையைக் காப்பாற்றியதோ, அதே கண்டுபிடிப்பு இப்போது எங்கள் நடுவீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. தொட்டியில் அழுத்தம் இறங்கினால் உள்ளே இருக்கிற திரவம் இன்னும் குளிர்ந்துவிடும், சுவரும் கூடவே குளிர்ந்து பொசுக்கென்று ஒடிகிற நிலைக்கு வந்துவிடும் என்று எனக்காக விளக்கினான். போன வருடம் ஒரு வால்வு ஒழுகி அப்படி ஆனது. தொட்டி சூடாவதற்குக் காத்திருக்காமல், பக்கத்திலேயே நின்றுகொண்டு அழுத்தத்தை மறுபடி ஏற்றியவன் அவன்தான். சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நாளைக் காலை நிரப்புகிற லாரி வேறு வருகிறது என்றான்.

அண்ணி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் போகாதீங்க."

"நான் போகலேன்னா வேற எவனாவது பக்கத்துல நிப்பான்."

அதற்குப் பிறகு அவள் போகாதே என்று சொல்லவில்லை. விடிந்ததும் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். அண்ணன் லாரியைத் திருப்பி அனுப்பப் போனான். அண்ணி அந்தத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மேலாளர் அம்மாவிடம் போனாள்.

அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் எல்லோர் முன்னாலும் அவள் கைக்கு நற்பெயர் திரும்பக் கிடைத்தது. கூடத்துக் காகிதங்களில் அந்தத் தொட்டிக்கு மூன்று நல்ல எண்கள்தான் இருந்தன. வாளிக்குப் போன மறுபாதி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, நாலாவது ஒன்று இருந்தது என்று சொல்ல எங்கள் வீட்டுக் கதவைத் தவிரச் சாட்சி இல்லை. துண்டை மேசையில் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மேலாளர் அம்மா அதைக் கையில் எடுத்து முத்திரையைத் திருப்பிப் பார்த்தாளாம்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே," என்று சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே மேடம்," என்றாள் அண்ணி.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மேலாளர் அம்மா கம்பெனிக்குப் பேசினாள், தொட்டியில் அழுத்தத்தை ஏற்றவேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டாம் என்று நிறுத்திவைத்தாள். தொட்டி கட்டியவர்களிடம் அதே தகட்டின் மிச்சம் ஒரு பலகையளவு கிடந்தது. அதை வரவழைத்துத் துண்டுகளாக வெட்டினார்கள். ஒடிக்கிற அன்று அண்ணனும் வந்தான், நானும் ஒட்டிக்கொண்டேன். கம்பெனி அதிகாரி ஒருவர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றார். வேலை கெடுகிறதே என்ற சலிப்பு அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. எத்தனை கீழே வருகிறது என்பதைப் பார்த்துத்தான் தொட்டியின் கதி.

சம்மட்டி அண்ணி கையில்தான் இருந்தது. மேலாளர் அம்மாவே அப்படிச் சொல்லிவிட்டாள். முதல் துண்டு நூறுக்கு மேல். எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது எண்பதுக்குக் கிட்டே. மூன்றாவது மறுபடியும் நூறு. அதிகாரி, "நல்லாத்தானேம்மா இருக்கு, மூணு போதும்தானே?" என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. நல்ல எண் வரும்போது நிறுத்திவிட வேண்டும் என்று மனசு கெஞ்சுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். அந்தக் கூடத்தில் மாற்றாள் என்ற பழக்கம் எப்படி வந்திருக்கும் என்பதும் அப்போது புரிந்தது. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை.

அண்ணி அடுத்த துண்டை எடுத்தாள். அடுத்தது நல்லது. அதற்கடுத்ததும் நல்லது. அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான். இடுக்கியைப் பிடித்த அண்ணியின் விரல்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் துண்டு அதனதன் இடத்தில் போய் அட்டியில்லாமல் உட்கார்ந்தது. மற்றவற்றைப் போலவே பனி பூத்திருந்த ஒரு துண்டை எடுத்தாள், வைத்தாள், தட்டினாள்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் மொத்தென்று விழுந்த அடி. இது சுள்ளி ஒடிவது போல ஒரு சின்ன 'டிக்'. சம்மட்டி ஒன்றுமே நடக்காதது போல மறுபக்கம் உயரே ஏறிப் போயிற்று. முள் அடியில் நின்றது. இரண்டு பாதிகளும் தரையில் உருண்டு வந்து அண்ணன் காலடியில் நின்றன. அவன் குனிந்து ஒன்றை எடுத்தான். அதன் முகம் மினுங்கியது. எங்கள் வீட்டுக் கதவடியில் இருந்ததும் அதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி இருந்தன.

அந்த அதிகாரியின் முகத்தில் இப்போது சலிப்பு இல்லை, அவர் கையைக் கட்டிக்கொண்டு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. தூசியிலும் சின்ன ஒரு துகள், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உருக்கியவனுக்கும் தெரியாது, உருட்டியவனுக்கும் தெரியாது. இத்தனை நாளும் அதற்கும் என் அண்ணனுக்கும் நடுவில் இருந்தது என்ன? போன வருடம் அவன் பக்கத்தில் நின்று அழுத்தத்தை ஏற்றியபோது தொட்டியில் எங்கும் அந்தத் துகளின் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கும்பிடத் தோன்றியது, எதைக் கும்பிடுவதென்றுதான் தெரியவில்லை.

மிச்சத் துண்டுகளையும் அண்ணி ஒடித்தாள், ஒன்றைக்கூட விடவில்லை. கீழே போனவை இன்னும் சில வந்தன. தொட்டியை மெதுவாக, பதமாகக் காலி செய்தார்கள். குளிருக்கென்றே செய்த வேறு எஃகில் புதுத் தொட்டி வந்தது. அண்ணியின் பழைய வேலைகள் எல்லாவற்றையும் தோண்டினார்கள். மற்றவர்கள் ஒடித்ததையும் தோண்டினார்கள். அண்ணிக்கு எச்சரிக்கை ஓலை ஒன்று கிடைத்தது, அதை அவள் எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கூடத்துக்கே திருப்பிக் கொடுத்தாள், முத்திரை பார்த்து எந்தத் தகடு என்று தேட. வாளியையும் அவளே தூக்கி வெளியே வைத்தாள். அங்கே இப்போது வந்த எண் வந்ததுதான்.

வேறொன்றும் மாறவில்லை. அண்ணி இன்னும் தன் கையைப் பற்றிப் பெருமை பேசத்தான் செய்கிறாள், நான் இன்னும் கேலி செய்யத்தான் செய்கிறேன். வீட்டுக் கதவுகளுக்கு மட்டும் முட்டு இல்லை. காற்றடித்தால் எல்லாம் தடதடவென்று அடித்துக்கொள்கின்றன. காது போகிறது, கதவுக்கொரு மரக்கட்டையாவது செருகுவோம் என்று நான் கத்தினேன். என் அறைக் கதவுக்கு நானே ஒன்று செருகிக்கொண்டேன். அவர்கள் அறைக் கதவுக்கு அண்ணி செருகவிடவில்லை.

அந்தக் கதவு படாரென்று சாத்தும்போதெல்லாம், அடுப்படியில் இருந்தாலும் வாசலில் இருந்தாலும், அண்ணி அப்படியே நின்று, "என்னங்க?" என்று கூப்பிடுவாள். அண்ணன் உள்ளேயிருந்து, "இருக்கேன்" என்பான். அதைக் கேட்டபிறகுதான் அவள் விட்ட வேலையைத் தொடருவாள்.